ஜெபமாலைக்குத் தேடிய செயலி

எங்கள் குடும்பக் குழுவில் யாராவது முக்கியமான செய்தி போட்டால் அது அரை மணி நேரம்கூடத் தங்காது. ரோஜாப்பூவோடு காலை வணக்கமும் வெந்தயத்தின் மருத்துவ குணங்களும் வந்து அதன் தலைமேல் உட்கார்ந்துவிடும். எங்கள் ஆவூர்க்காரர்கள் எங்கே போனாலும் கூட்டமாகத்தான் இருப்பார்கள், செல்போனுக்குள்ளும் அப்படித்தான். நான் அந்தக் குழுவின் சத்தத்தை அணைத்து வைத்து நிம்மதியாக இருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் அதைத் திறக்கவேண்டியதாயிற்று.

அப்பா கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கீரனூர் பஸ்ஸின் பின்படிக்கட்டில் நின்று அவர் கொடுக்கும் குரலுக்கே வண்டி நின்றுவிடும், விசில் சும்மா கழுத்தில் தொங்கும். அப்படிப்பட்ட மனிதருக்குக் கைகால் கொஞ்சம் தேறிய பிறகும் பேச்சு திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் “அது… அது…”, ஃபேன் போடவேண்டுமென்றாலும் “அது… அது…”. நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பார்க்கச் சகிக்காது.

அவர் திருச்சியில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்தார். எங்கள் வீடுகளில் சாயங்கால ஜெபமாலையை ஒருவராகச் சொல்வதில்லை. மாலையின் ஒவ்வொரு மணிக்கும் மூத்தவர் ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லவேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் டிராயர் போட்ட காலத்திலிருந்து அப்படிச் சொன்ன ஜோடி. அன்று சித்தப்பா கட்டிலோரம் உட்கார்ந்து இரண்டு பாதிகளையும் தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு மணியில், முதல் பாதியை அப்பா வாங்கிக்கொண்டார். ஒரு சொல்கூடச் சிதறாமல் முழுதாகச் சொன்னார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உள்ளே பதிந்துவிட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. நாமாக யோசித்துப் பேசுவது வேறு, பல வருடம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறியது வேறு என்றார். “இதைப் பிடிச்சுக்கிட்டே மேல வரலாங்க. தெனமும் கூடச் சொல்ற ஆளு வேணும். விட்டுறாதீங்க.”

சித்தப்பாவின் லீவு முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவும் நானும் மறுபாதி சொல்லத் தயாராக உட்கார்ந்தோம். அப்பா எங்களை, சில்லறை இல்லாமல் ஏறிய பயணிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

“இம்புட்டு வருசமா நானுந்தான் மறுபாதி சொல்றேன். எங்கொரலு காதுல ஏறலையாம், தம்பி கொரலுதான் வேணுமாம்!” என்று அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வரும்.

அதனால்தான் போனில் கூட்டு அழைப்பு போட்டேன். எல்லோரும் வைத்திருக்கிற அதே செயலிதான். அப்பா முதல் பாதி சொல்லி நிறுத்துவார். சித்தப்பாவின் பதில் உடனே வராது. வரவில்லையே என்று அப்பா மறுபடி ஆரம்பிப்பார், அந்த நேரம் பார்த்துப் பதில் வந்து மோதும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒரு குரலைச் சத்தம் என்று நினைத்து அந்தச் செயலி அமுக்கிவிடும். ஆபீஸ் கூட்டத்துக்கு அது நல்ல ஏற்பாடாக இருக்கலாம், ஜெபமாலைக்கு ஆகாது. நாலைந்து மணிகளை உருட்டுவதற்குள் அப்பா தடுமாறி, மாலையைக் கட்டிலில் விட்டெறிந்துவிடுவார். அமைப்புகள் பக்கம் முழுவதும் தேடினேன். அந்தச் சத்தச் சுத்திகரிப்பை நிறுத்த எங்கேயும் ஒரு பொத்தான் இல்லை. சித்தப்பாவின் குரலைப் பதிவு செய்தும் போட்டுப் பார்த்தேன். பதிவு அப்பாவுக்காகக் காத்திருக்காது என்பதை முதல் மணியிலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று கேள்வித்தாளில் கேட்டிருக்கிறேன். நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம், இரண்டு மதிப்பெண். அது என் வீட்டுக்கே தேவைப்படும் என்று நினைத்ததில்லை. தேட ஆரம்பித்தேன்.

முதலில் அகப்பட்டது ரகசியத்தில் கெட்டியான ஓர் அரட்டைச் செயலி. கணக்கு தொடங்கியதும் எழுத்தும் எண்ணுமாக நீளமாய் ஒரு மீட்புச் சாவியைக் கொடுத்து, இதை யாருக்கும் காட்டாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும். சித்தப்பா அதைப் படம் பிடித்து எங்கள் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். “பத்திரமா இருக்கட்டும்னுதான் போட்டேன் ஆத்தா. தொலைஞ்சாலும் யாருகிட்டயாவது இருக்குமுல்ல?” என்றார். எங்கள் சனத்துக்குப் பத்திரம் என்றால் நாலு பேரிடம் கொடுத்து வைப்பதுதான். அந்தச் சாவிக்குக் கீழே பெரியம்மா ஒருத்தி கைகூப்பி ‘ஆமென்’ போட்டிருந்தாள்.

சாவிக் கூத்து ஒருபக்கம் இருக்கட்டும், அதிலும் குரல் பிந்தித்தான் வந்தது. அடுத்து, எதையும் நிறுவாமல் உலாவியிலேயே திறக்கும் ஒரு சந்திப்பு அறை. அதில் எல்லோர் முகமும் அழகாகத் தெரிந்தது. எனக்கு முகம் வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் ஒன்றை நிறுவுவதும், அப்பாவை வைத்துச் சோதிப்பதும், அவர் மாலையை எறிவதும், நான் அதை நீக்குவதுமாக இருந்தேன். எறிந்த மாலையைப் பொறுக்கும்போது சில நாள் அழுகை வந்தது. அவரிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு பாதிதான், அதையும் நான்தான் கெடுக்கிறேனோ என்று பயமாக இருந்தது.

கடைசியில் வழி காட்டியவர்கள் விளையாட்டுக்காரர்கள். இணையத்தில் கூட்டமாகச் சேர்ந்து சுடுகிற விளையாட்டு ஆடுகிறவர்கள், “பின்னாடி வாரான், திரும்பு” என்று கத்தினால் அது அந்த நொடியே கேட்கவேண்டும், எல்லோரும் ஒன்றாகக் கத்தினாலும் கேட்கவேண்டும். அதற்காகவே யாரோ ஒரு குரல் மென்பொருளை எழுதி, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விட்டிருக்கிறார்கள். பார்க்கப் பழைய கால்குலேட்டர்போல அழகில்லாமல் இருந்தது. ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு பொத்தான் இருந்தது. சத்த நீக்கம், எதிரொலி நீக்கம் எல்லாவற்றையும் ஆசை தீர அணைத்தேன். ஆர்வலர்கள் நடத்தும் ஒரு சர்வரில் எங்களுக்கு ஒரு அறை கிடைத்தது. ஒரே நிபந்தனை, ஹெட்போன் கட்டாயம் போடவேண்டும். அப்பாவுக்கு மாட்டிவிட்டு, அம்மாவையும் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் வாசல்வரை சித்தப்பாவின் குரல் கேட்கிறது. ஜெபம் தெருவுக்குக் கேட்கவேண்டும் என்பது அம்மாவின் கொள்கை. ஹெட்போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, லேப்டாப்பில் பெரிய ஸ்பீக்கரைச் செருகியிருந்தாள். அப்பா ஃபேனைப் பார்த்துப் படுத்திருந்தார், வாய் திறக்கவில்லை. ஆனால் சித்தப்பா அங்கே விக்கி விக்கி அழுகிறார்.

“ஆத்தா, அண்ணன் பேசிட்டாரு! நான் எடுத்துக் குடுக்கக் குடுக்க, கூடவே மொதப் பாதி சொல்றாரு. ஒவ்வொண்ணும் கேக்குது!”

எதிரொலி நீக்கத்தை அணைத்த புண்ணியவதி நான்தானே. அவர் சொன்னது எங்கள் ஸ்பீக்கரில் ஒலித்து, எங்கள் மைக் வழியாகக் கொஞ்சம் பிந்தி அவருக்கே திரும்பிப் போயிருக்கிறது. அண்ணன் தம்பி குரல் வேறு ஒரே அச்சு. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, சொல்லாமல் விடவும் முடியாது. “சித்தப்பா, அது ஒங்க கொரலுதான்” என்றேன். “நாளைக்குப் பாக்கலாம்” என்றார் அவர். அம்மா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் நானே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அப்பாவுக்கு ஒரு ஹெட்போன், அம்மாவுக்கு முக்காட்டின் மேலேயே ஒன்று, எனக்கு ஒன்று. அங்கே சித்தப்பா தங்கும் விடுதியின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அறைக்குள்ளே கூட்டாளிகள் படம் பார்க்கிறார்களாம்.

“அண்ணே, நான் எடுத்துக் குடுக்க மாட்டேன். நீங்களே ஆரம்பிங்க” என்றார்.

அப்பாவின் இடது கைக் கட்டைவிரல் மணியைத் தேடியது. தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு முதல் பாதியைச் சொன்னார், பஸ்ஸுக்கே கேட்கும் அந்தப் பழைய குரலில், கடைசிச் சொல்வரை. சொல்லி நிறுத்தினார்.

பதில் வரவில்லை. திரையைப் பார்த்தேன். இணைப்பு அறுந்துபோகவில்லை. சித்தப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். இதுவும் போச்சு, மாலை பறக்கப்போகிறது என்று நான் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் புருவம் சுருங்கியது. பஸ் படிக்கட்டில் வழிமறித்து நிற்பவனைப் பார்க்கும் அதே முகம்.

“டேய்,” என்றார். “சொல்லுடா.”

எந்த ஜெபத்திலும் இல்லாத சொல் அது. அம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவர் வாயையே பார்த்தாள்.

“சொல்றேண்ணே, சொல்றேன்” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சித்தப்பா மறுபாதியைச் சொன்னார். அப்பா அடுத்த மணிக்குப் போய்விட்டார்.