நாங்கள் சமைக்காத கல்யாணம்

அன்றைக்கு வண்டியில் இருந்தது மூன்று பேர். ஓட்டியது அப்பா. பக்கத்தில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. பின்னால் காலி அண்டாக்களுக்கு நடுவில் நான், ஒன்பது வயதுப் பெண். அம்மா திருச்சி எடமலைப்பட்டி புதூரில் வீட்டில்தான் இருந்தாள். ஆனால் வண்டியில் ஒட்டியிருந்த போன் நம்பர் அவளுடையது. அதனால் அவளையும் சேர்த்து நான்கு என்றுதான் இன்றுவரை எண்ணிக்கொள்கிறேன்.

அப்பா விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர். வையம்பட்டிப் பக்கம் காதுகுத்து, சடங்கு என்று போவார். நூறு இலையைத் தாண்டியதில்லை. அந்த மாதம்தான் ஸ்ரீரங்கத்தில் ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், தன் அறுபதாம் கல்யாணத்துக்கு நானூறு இலை சொல்லிப் பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். இது ஒன்று நல்லபடியாக முடிந்தால் போதும், அந்தத் தெருவே நம்மைத் தேடி வரும் என்று அப்பா ராப்பகலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா ஸ்டிக்கர் கடையில் வேலை பார்த்தவர். அட்வான்ஸைப் பார்த்ததும் அவருக்கு யோசனை வந்துவிட்டது.

"பேப்பர்ல போட்டா ஒரு நாள் மச்சான். நோட்டீஸ் குடுத்தா பஜ்ஜிதான் மடிப்பான். வண்டில ஒட்டிட்டீங்கன்னா அஞ்சு வருஷம் பேசும், சம்பளம் கேக்காது."

"மளிகைக்கு வச்சிருக்கேன் மாப்ள அந்தக் காச."

"மளிகைக்கடைல கடன் குடுப்பாங்க. எங்க மொதலாளி குடுக்க மாட்டாரு."

ஏழாயிரம் ஆனது. பழைய வேனின் இரண்டு பக்கமும் வாழையிலை, இலை நிறையச் சோறு, எங்கள் பேர், அம்மாவின் நம்பர். அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான், இனிமேல் எங்கே போனாலும் நாம் யாரென்று தெரிந்துவிடுமே என்று கூச்சமாக இருந்தது.

மாமா அதோடு விடவில்லை. வீட்டு வாசலில் நின்றால் யார் பார்ப்பது? நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்து, கே.கே. நகரில் ஒரு பெரிய மண்டபத்து வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். உள்ளே சமையல் வேறு ஆள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவன் கண்ணில் எங்கள் நம்பர் படும். சமைத்தது இவர்கள்தான் என்று அவனாக நினைத்துக்கொண்டால் அது அவன் பாடு. காலி அண்டாக்களை ஏற்றியதும் அதற்காகத்தான்.

"அடுத்தவன் அடுப்பு மாப்ள," என்றார் அப்பா. மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் அவருக்கு இறங்க மனசில்லை.

"அடுப்பத் தொட்டமா? ரோடு பொது ரோடு. வாங்க, டீ சாப்பிடலாம்."

டீக்கடைக்குப் போகும்போது மாமா, வண்டியோடு நின்ற என்னிடம் எங்கள் நம்பர் போட்ட கார்டுகள் கொஞ்சம் தந்தார். "யாராச்சும் கேட்டா இத மட்டும் குடு. வாயத் தொறக்காத."

பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் முதலில் வந்தார். "பாயசம் அமிர்தம் போ. உங்கப்பாவா சமைச்சாரு?" என்று கேட்டார். அப்பாவை ஒருவர் அப்படிப் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை. கார்டை நீட்டினேன். "ஆமா" என்றும் சொல்லிவிட்டேன். அவர் என் கன்னத்தைக் கிள்ளி, வண்டியோடு சேர்த்து என்னைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அந்தப் பந்தியில் சாப்பிட்ட பலருக்கு வாந்தி, பேதி. இருட்டுவதற்குள் அந்தப் போட்டோ வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட்டது. கீழே, 'இவர்களிடம் சமையல் கொடுக்காதீர்கள், இவர்கள்தான் சமைத்தது என்று சமையல்காரர் மகளே சொன்னாள்' என்று எழுதியிருந்தது. ஒரு பைசா செலவில்லாமல் எங்கள் நம்பர் திருச்சி முழுக்கப் போய்ச் சேர்ந்தது. கல்யாண வீட்டாருக்கு உண்மை தெரியும். ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தவர்கள் எங்களுக்காகவா பேசப்போகிறார்கள்? அம்மாவின் போன் ஓயவில்லை. ஒவ்வொருவர் திட்டுவதையும் கடைசிவரை கேட்டு, "சரிங்க" என்று சொல்லித்தான் வைத்தாள்.

மூன்றாம் நாள் ஹெட்மாஸ்டரே வீட்டுக்கு வந்தார். தன்மையான மனிதர்.

"நீங்க சமைச்சதுதானா அது? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நம்புறேன்."

"இல்ல சார்," என்று மாமா முந்திக்கொண்டார். "வண்டி மட்டும்தான் அங்க..."

"அப்பறம் பொண்ணு ஏங்க ஆமான்னு சொல்லுச்சு?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவைக் கையமர்த்தினார்.

"புள்ள பொய் சொல்லாதுங்க," என்றார். "எங்கயோ கை தவறிருச்சு."

ஹெட்மாஸ்டர், "அட்வான்ஸ மெதுவாத் திருப்பிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அம்மா வைத்த காபியை அவர் தொடவில்லை.

அப்பா ஏன் இல்லை என்று சொல்லவில்லை? அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. பெரியவரைப் பார்த்துப் பயந்து உளறிவிட்டார் என்று நினைத்தேன். அவர்மேல் கொஞ்சம் இளக்காரம்கூட வந்தது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அடி விழவில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

வேன் அடிமாட்டு விலைக்குப் போனது. மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டியும் எழுத்தின் தடம் போகவில்லை என்று வாங்கியவர் இன்னும் குறைத்தார். அப்பா இன்னொருவரிடம் கூலிக்குக் கரண்டி பிடித்தார். கையில் காசு சேர்ந்தபோதெல்லாம் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், ஐந்நூறு ஐந்நூறாகக் கொடுத்துவிட்டு வந்தார். நான் எட்டாவது படிக்கும்போது படுத்தவர் எழுந்திருக்கவில்லை. என் படிப்பும் அந்தத் தவணையும் ஒரே மாதத்தில் நின்றன. ஹெட்மாஸ்டர் வீட்டுக்குத் தரவேண்டியது இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.