ஓம் வராத கேள்வி

தாதியர் பயிற்சிக் கல்லூரியில் ஜெயகௌரி மிஸ்ஸின் பெயரைக் கேட்டாலே பிள்ளைகளுக்குப் பயம். இத்தனைக்கும் மனுசி ஏசமாட்டார். நோயாளிக்கு ஊசி போடும் மாணவியின் முதுகுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார். அதைவிட நாலு ஏச்சு வாங்கலாம் என்று பிள்ளைகள் புறுபுறுப்பார்கள். மிஸ்ஸுக்கு முதுகிலும் கண் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு அவருக்கு உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது.

முதல் வகுப்பில் ஊசியைத் தொடவே விடமாட்டார். கேள்வி கேட்கத்தான் பழக்குவார்.

"ஓம் எண்டு மறுமொழி வாற கேள்வியைக் கேக்காதேங்கோ பிள்ளையள். எங்கடை சனம் வெள்ளை உடுப்பைக் கண்டால் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லும். பேர் என்ன, ஊர் எது எண்டு கேளுங்கோ."

அன்று லவீனாவுக்கு இறுதிச் செய்முறைப் பரீட்சை. ஏற்கெனவே ஒருதரம் கோட்டை விட்டவள். இம்முறையும் தவறினால் படிப்பை விட்டுக் குருநகர் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டியதுதான். ஆண்கள் வார்டில், காலைச் சாப்பாட்டுக்கு முன், அருளம்பலம் என்பவருக்கு நீரிழிவுக்கான இன்சுலின் போடவேண்டும். கட்டிலில் அந்தப் பெயர் எழுதிய அட்டை தொங்கியது. கிழவர் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தார். பக்கத்தில் மனைவி மகாதேவி.

"அம்மா, ஐயான்ரை பேர் என்ன?"

மகாதேவி வெட்கப்பட்டுச் சிரித்துத் தலை குனிந்தார். புருசனின் பெயரை வாயால் சொல்லிப் பழகாதவர். லவீனா மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே சிரிப்பு. ஊசியோடு அவள் கை அப்படியே நின்றது.

சாப்பாட்டு வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. ஜெயகௌரிக்குப் பொறுமை போய்விட்டது. அட்டை இருக்கிறது, மருந்தளவும் சரி, இன்னும் என்ன? பெட்டை பயத்தில் விறைத்து, திரும்பவும் தவறப்போகிறாளே என்ற பதைப்பு வேறு. பரீட்சையில் ஒருநாளும் வாய் திறக்காதவர் திறந்துவிட்டார்.

"அம்மா, ஐயாவுக்குச் சீனி வருத்தம்தானே?"

"ஓம் மிஸ்."

"பிறகென்ன பிள்ளை, மினைக்கெடாமல் போடும்."

லவீனா போடவில்லை. புள்ளி போடுகிறவரே சொல்லிவிட்டார், மறுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, நீங்கள் எந்த ஊர்?"

"கோப்பாய், பிள்ளை."

அட்டையில் சுன்னாகம் என்று இருந்தது. லவீனா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. விடிய மழைக்குக் கூரை ஒழுகியதால் இரண்டு பேரைக் கட்டில் மாற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். அட்டைகளை மாற்றவில்லை. இவர் ஆழ்வாப்பிள்ளை. சீனி வருத்தம் இல்லாதவர், ராத்திரியும் சாப்பிடாதவர். அந்த ஊசி ஏறியிருந்தால் ஆள் போயிருப்பார்.

"பிறகேன் அம்மா ஓம் எண்டனீங்கள்?" என்றாள் லவீனா.

"பெரிய மிஸ் சொல்லேக்கை, அவருக்கு அந்த வருத்தத்தையும் புதிசாக் கண்டுபிடிச்சிருக்கினம் போல எண்டு நினைச்சன்."

ஜெயகௌரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே விறாந்தையில் மற்ற மாணவிகள் சூழ்ந்து நின்றார்கள். லவீனா கண்ணைத் துடைத்தபடி கேட்டாள்.

"என்னைச் சோதிக்கத்தானே மிஸ் அப்பிடிக் கேட்டனீங்கள்?"

ஓம் என்றால் போதும். இத்தனை வருடப் பேரும் தப்பிவிடும். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார்கள்.

"இல்லைப் பிள்ளை," என்றார் ஜெயகௌரி. "ஆள் மாறினது எனக்குத் தெரியாது. நீர் நிப்பாட்டியிராட்டில் அந்த மனிசன் என்ரை சொல்லாலை செத்திருப்பார்."