அணையடி அம்மன்

எனக்கு அந்த அணைக்கட்டைக் கண்டாலே ஆகாது. கிள்ளான் நகரைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் சின்ன மண் அணை. பின்னால் ஓர் ஏரி, மிதிபடகு, ஐஸைச் சீவிப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் கடை. ஞாயிறென்றால் கூட்டம். கட்டியது யார், பார்த்துக்கொள்வது யார் என்று யாருக்கும் தெரியாது. கரையெல்லாம் மரம் முளைத்துக் கிடக்கும்.

ஏரிக்கு மறுபக்கம், அந்தக் கரையின் அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. அடைக்க வேண்டிய ஓட்டை அது. நம் சனங்கள் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் துணி சுற்றி, சூலமும் குத்திவிட்டார்கள். அம்மன் ஊற்றாம்!

பிரிக்பீல்ட்ஸில் என்னோடு இருக்கும் அக்காவுக்கு மூட்டுவலி. அந்தத் தண்ணீரைத் தடவுவதால்தான் மாடிப்படி ஏற முடிகிறது என்பாள். வாராவாரம் காரோட்டி நான்தான். அவள் விளக்கேற்றி உட்காரும் இடத்துக்கு மேலே மொத்த ஏரியும் நிற்கிறதே என்று நான் கரையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் அணை உடையும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். கசிவு தெளிவாக இருக்கும்வரை தாங்கும், கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு வாரம் விடாமல் மழை. ஞாயிறன்று போனால் ஊற்று செக்கச்செவேலென்று வருகிறது.

"பாருடி, அம்மா குங்குமம் கரைச்சுக் குடுத்திருக்கா!" என்றாள் அக்கா. சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"குங்குமமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! கரை கரையுது, எந்திரி!"

"ஏத்துன வெளக்க பாதியில வுட்டுட்டு வரமுடியாது லா. நீ போ."

கத்தினேன், கெஞ்சினேன். ஒருத்தரும் அசையவில்லை. எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, கல்லைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்த கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். மொத்தக் கூட்டமும் என்னைத் திட்டியபடி பின்னாலேயே ஏறி வந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

அன்று அணை உடையவில்லை. அதுதான் வினை. அதிகாரிகள் வந்து ஒரு மஞ்சள் எச்சரிக்கைப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். சனங்கள் கல்லைத் திரும்ப நட்டார்கள். அக்கா என்னோடு பேச்சை நிறுத்தினாள்.

அடுத்த ஞாயிறு, காரைத் தரமாட்டேன் என்றேன். வாடகைக் கார் பிடித்துப் போய்விட்டாள். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சனியன் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று திட்டிக்கொண்டே பின்னால் ஓட்டினேன்.

கசிவு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அக்கா திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ச் சேற்றிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

"இங்க எதுக்கு வந்த? பயமா இல்ல?" ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் பேசியது அது.

"உயிரே போவுது. ஆனா ஒன்ன வுட்டுட்டுப் போகமாட்டேன். பொறுமையா சாமி கும்புடு."

அவள் கரையை நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏற்றாத திரியைப் பைக்குள் போட்டாள்.

"எந்திரிடி மூதேவி," என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒனக்கு ஒன்னு ஆச்சுன்னா நான் யாருகிட்ட சண்ட போடுவேன்?"