சிவப்புக் கோழி இட்ட வெள்ளை முட்டை

பன்னிரண்டு முட்டை அடைவைத்து ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் 1960 மாசியில் ஒரு சனிக்கிழமை ஸ்பிரிங்வெளிப் பக்கம் புறப்பட்டேன். நான் பதுளையில் படிப்பிக்க வந்த யாழ்ப்பாணத்தான். முட்டை வாங்கியது அங்குள்ள ஒரு தோட்டத்துத் துரையின் பங்களாக் கோழிக்கூட்டில்.

காலை 7.10க்கு பஸ், கட்டணம் நாற்பது சதம். எட்டு மைலுக்கு முக்கால் மணி நேரம். வளைவுகள் குடலைப் பிரட்டும், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். இறங்கியபின் தேயிலைக்கு நடுவே ஒரு மைல் ஏற்றம்.

கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் மாரியாயி கூட்டு வாசலில் அழுதுகொண்டிருந்தார். சண்டை பிடிக்கப் போனவன், என்ன நடந்தது என்று கேட்டேன். சிவப்பு முட்டை இடும் சீமைக் கோழிகள் ஒரு மாதத்துக்கு மேலாக வெளிறிய முட்டை இடுகின்றனவாம். நல்லதை விற்றுவிட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாட்டுக்கோழி முட்டையை வைக்கிறார் என்று பங்களாச் சமையற்காரர் துரையிடம் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, எல்லார் முன்னாலும் நிறுத்தி விசாரிக்கப் போகிறார்கள்.

என்ன தீனி என்று கேட்டேன். குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்து செத்தபோது துரை மருந்து கலந்த தீனி வரவழைத்தாராம். மிச்சக் குஞ்சுகள் பிழைத்தன. பெரிய கோழிகளுக்கும் அந்த நோய் வரக்கூடாதென்று மாரியாயி அவற்றுக்கும் அதையே போட்டிருக்கிறார். சாக்கைப் புரட்டினேன். முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுக்கக் கூடாது, ஓடு வெளிறும், குஞ்சு பொரிக்காது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

துரையிடம் காட்டினால் பிழை உங்களுடையது என்று ஆகிவிடுமே என்றேன்.

"திருடின்னு மட்டும் சொல்லாம இருந்தா போதுங்க மாஸ்டர். அறிவில்லாதவன்னு எத்தன வாட்டி வேணும்னாலும் சொல்லட்டும்."

சாக்கோடு போனோம். தீனியை நிறுத்திப் பார்க்கலாம், அதுவரை விசாரணை வேண்டாம் என்றார் துரை.

இரண்டு கிழமை கழித்து மறுபடி போனேன். கூடை நிறையச் சிவப்பு முட்டை. மாரியாயியின் வேலை தப்பியது. சமையற்காரர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடைவைக்க முட்டை தேடிப் போகிறவர்கள் கோழியை மட்டும் பார்க்காமல் தீனிச் சாக்கையும் பாருங்கள். திரும்பும் கடைசி பஸ் பிற்பகல் 4.20க்கு.

புறப்படும்போது, பெரிய மனிதத் தோரணையில், படிக்கத் தெரியாதது உங்கள் குற்றமில்லை என்று மாரியாயிக்கு ஆறுதல் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "படிக்கத் தெரியுங்க மாஸ்டர். சாக்குலதான் தமிழ் இல்ல."