வீட்டில் ஆள் இருக்க வேண்டும்

வாடகை கொடுக்க முடியாத நிலையிலும் ஒரு வீட்டில் தலைநிமிர்ந்து குடியிருப்பது எப்படி என்று தங்கவயல் மாமாவிடம்தான் கேட்க வேண்டும். அம்மாவின் தம்பி. சுரங்கத்தில் யூனியன் ஆள். சம்பளம் மாதாமாதம் வருமோ வராதோ, சட்டம் மட்டும் எப்போதும் அவர் நாக்கு நுனியில் இருக்கும்.

அந்த வருடம் அப்பாவின் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். நீலசந்திராவில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு நாலைந்து மாத வாடகை நின்றுபோனது. மாடியிலிருந்த ஓனர் முதலில் கேட்டார், பிறகு கத்தினார். ஒருநாள் புதுப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் கண்ணெதிரே ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார். அப்பா ஓசூரில் கிடைத்த வேலைக்குப் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அம்மா கார்டு போட்டு மாமாவை வரவழைத்தாள்.

மாமா காபி குடித்துக்கொண்டே விளக்கினார். பாக்கி வைத்தது தப்புதான்; ஆனாலும் கோர்ட்டு ஆர்டர் இல்லாமல் ஒருத்தரும் நம்மை வெளியே தள்ள முடியாது, தண்ணீரை நிறுத்த முடியாது, கரண்டைப் பிடுங்க முடியாது. ஆபத்து ஒன்றுதான். வீடு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் பூட்டைத் தொங்கவிட்டால், அப்புறம் நியாயம் கேட்டு நாம்தான் கோர்ட்டுப் படியேற வேண்டும்.

"வீட்ல எப்பவும் ஆள் இருக்கணும்க்கா. உன்னை வெளியே கிளப்ப என்ன வேணா சொல்லுவாங்க. யாரோ செத்துட்டாங்கன்னுகூடச் சொல்லுவாங்க. நம்பிடாதே."

அன்றிலிருந்து அம்மா வாசல் தாண்டவில்லை. கடைக்கும் குழாயடிக்கும் நான்தான். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. கோட்டைக்குக் காவல் இருப்பதாகவே நினைப்பு. ஒருநாள் ஓனர் குரலை இறக்கி, பிள்ளைக்கு லீவுதானே, தங்கவயலில் நாலு நாள் இருந்துவிட்டு வாருங்களேன் என்றார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். மாமா சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் சொந்தத்தில் யாருக்கும் போன் கிடையாது. அவசரத்துக்கு எல்லோரிடமும் ஓனர் வீட்டு நம்பரைக் கொடுத்து வைத்திருந்தோம். ஒரு காலை, ஓனரம்மா படியிறங்கி வந்து கதவைத் தட்டினாள்.

"உங்கக்கா போயிட்டாங்களாம்மா. மாரடைப்பாம். உங்க தம்பிதான் போன் பண்ணாரு. தேவராணை, சாமி சத்தியமா பொய் சொல்லல."

அம்மா கதவைத் திறக்கவில்லை. "எங்கக்கா உசிருகூட உங்களுக்கு விளையாட்டாப் போச்சா? மேலே போங்க" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஓனரம்மா மறுபடியும் வந்தாள். ஓனர் காட்டிய அதே பூட்டைச் சாவியோடு ஜன்னலில் வைத்து, நீயே பூட்டிக்கொண்டு போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். கடையில் பூட்டுக்கா பஞ்சம் என்று அம்மா கேட்டாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

தங்கவயலிலிருந்த பெரியம்மாதான் அம்மாவுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணமும் செய்துவைத்தவள். போன மாதம்கூட முறுக்குச் சுட்டுக் கொடுத்தனுப்பியிருந்தாள். தங்கவயல் என்ன காசியா? ரயிலேறிப் போய் முகம் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பியிருக்கலாம். சாயங்காலம் அம்மா சாப்பிடவில்லை. "அந்தம்மா கண்ணு செவந்திருந்துச்சாடி?" என்று கேட்டாள். நான் பூட்டைத்தான் பார்த்திருந்தேன், கண்ணைப் பார்க்கவில்லை.

மறுநாள் மாமா வந்தார். கண்ணிரண்டும் வீங்கியிருந்தன. நான் ஓடிப்போய், நீங்கள் சொன்ன மாதிரியே சொன்னார்கள் மாமா, நாங்கள் திறக்கவே இல்லை என்று பெருமையாக ஒப்பித்தேன். அவர் காதில் அது ஏறவே இல்லை.

"உனக்காகச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தோமே. ஏன்க்கா வரல?"



"நீதானேடா சொன்னே."

அம்மா அவ்வளவுதான் சொன்னாள். வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வெடித்தது. ஓனரம்மா இறங்கி ஓடிவந்து அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். மாமா தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டார்.

வீட்டுக்குள் ஒருவரும் இல்லை என்பதை நான்தான் கவனித்தேன். சட்டென்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அம்மா இன்னும் ஓனரம்மா மடியில் கிடக்கிறாள். இத்தனை நாள் ஏமாறாதவள் கடைசியில் இப்படி வாசலைத் தாண்டி ஏமாந்துவிட்டாளே என்று எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது.