உப்பளக்காரி வேஷம்

செந்தமிழுக்கு முப்பத்தொரு வயது. மரக்காணம் உப்பளத்தில் பதினொரு வருடமாக உப்பு சுமக்கிறாள். அவளுக்கு நன்றாக ஆடவும் வரும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது கோலாட்டத்தில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு மகளிர் குழுவின் ஆண்டு விழாதான் அவளுக்கு இருந்த ஒரே மேடை. போன வருடம் அங்கே அவள் ஆடியதை யாரோ போனில் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ரிசார்ட்டின் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, நம்பர் வாங்கிக் கூப்பிட்டான். சரத்குமார் என்று பெயர் சொன்னான்.

"சனிக்கிழமை சாயங்காலம் கெஸ்ட்டுங்களுக்கு ஒரு டான்ஸ் ப்ரோக்ராம் பண்றோம்க்கா. உப்பளத்துல வேலை செய்யற பொம்பளைங்களப் பத்தி. நீங்க ஆடிஷனுக்கு வந்தே ஆகணும்."

வந்தே ஆகணும் என்று அவளிடம் அதுவரை யாரும் எதற்கும் சொன்னதில்லை. இருபது நாள், சாப்பாட்டு நேரத்தில் வரப்பு மேலேயே ஆடிப் பழகினாள். கூட வேலை செய்யும் கொளஞ்சியம்மாள் கைதட்டித் தாளம் போட்டாள்.

"உன்ன எடுக்காம வேற யாரடி எடுக்கப் போறான்? அவன் கேக்குறதே நம்ம வேலையத்தானே!"

ஆடிஷன் அன்று குளிரூட்டிய ஒரு பெரிய ஹாலில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் புதுச்சேரி கல்லூரிப் பெண்கள். நடனம் அமைக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த கீதாஞ்சலி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். செந்தமிழ் ஆடத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"போதும்மா, நல்லா ஆடுறீங்க" என்றாள் கீதாஞ்சலி. பேசும்போது அவள் பார்வை செந்தமிழின் வெடித்த பாதங்களில் இருந்தது. பிறகு சரத்குமாரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அதில் 'ஏஜ்' என்ற சொல் மட்டும் செந்தமிழுக்குப் புரிந்தது.

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். டீ நேரம் தாண்டித்தான் சரத்குமார் வந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நீங்க ஒரிஜினல்தான். ஆனா கெஸ்ட்டுங்க பாக்குறதுக்குக் கொஞ்சம் வேற மாதிரி வேணும். ஆறு பொண்ணுங்கள எடுத்திருக்கோம். அவங்களுக்குக் கூடை தூக்கறது, நடக்கறதெல்லாம் நீங்க ரெண்டு நாள் சொல்லிக்குடுங்களேன்."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சரி என்று வந்துவிட்டது. உள்ளே வந்துபோய்க்கொண்டிருந்தால் நாளைக்கு மனசு மாறி நம்மையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒரு நினைப்பு.

அந்தப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. அக்கா அக்கா என்று சுற்றி வந்தார்கள். தலையில் சும்மாடு வைத்துக் கூடையைத் தூக்கக் கற்றுக்கொண்டார்கள். ரேகா என்ற பெண் கேட்டாள், "எப்பிடிக்கா இடுப்பே ஆடாம நடக்கறீங்க?"

"ஆடுனா உப்பு கண்ணுல கொட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் கீதாஞ்சலி அந்த நடையை மாற்றி, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பை ஒடிக்க வைத்தாள். இப்படி யாரும் நடக்க மாட்டார்கள் என்று செந்தமிழ் சொன்னாள். "டான்ஸுக்கு இதான்மா அழகு" என்றாள் கீதாஞ்சலி.

அன்று சாயங்காலம் மேக்கப்காரர் வந்தார். ஆறு பெண்களும் நல்ல நிறம். அவர் ஒரு டப்பாவில் பழுப்பு மாவைக் குழைத்துக்கொண்டே செந்தமிழைப் பார்த்தார்.

"அக்கா, கையக் கொஞ்சம் நீட்டுங்க. கலர் மேட்ச் பண்ணிக்கறேன்."

நீட்டினாள். அவள் முழங்கைக்குப் பக்கத்தில் மாவைத் தொட்டு வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கறுப்பைச் சேர்த்தார். பிறகு அதை எடுத்து ரேகாவின் முகத்தில் பூசத் தொடங்கினார். செந்தமிழ் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

வீட்டில் அவள் கணவன் ராஜவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். திண்டிவனத்தில் டயர் கடையில் வேலை செய்கிறவன். அதிகம் பேச மாட்டான்.

"உடு. ஓட்டல்ல போயி ஆடுனா நாலு பேரு நாலு விதமா பேசுவான். ஒரு வகையில நல்லதுதான்."

அதுவரை அழாமல் இருந்தவள் அதைக் கேட்டுத்தான் அழுதாள்.

"உங்களுக்கு சந்தோசந்தானே? சொல்லுங்க."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் வரப்பில் பெண்கள் சுற்றிக்கொண்டு விசாரித்தார்கள். வயசு அதிகமாம் என்று மட்டும் சொன்னாள். கொளஞ்சியம்மாள் சமாதானம் சொல்ல வந்தபோது, "நீதானே ஏத்தி விட்ட" என்று செந்தமிழ் எரிந்து விழுந்தாள். இருவரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சரத்குமார் மறுபடியும் கூப்பிட்டான். ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல். இந்தச் சனிக்கிழமை மட்டும் பின் வரிசையில் நின்று ஆட முடியுமா என்று கேட்டான்.

"எனக்கு வேலை இருக்குது" என்று சொல்லி போனை வைத்தாள். வைத்த கையோடு, திரும்பக் கூப்பிடலாமா என்று பார்த்தாள். கூப்பிடவில்லை. அன்று முழுக்கக் கூடையைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் தன்னையே திட்டிக்கொண்டாள். போயிருந்தாலும் திட்டிக்கொண்டுதான் இருந்திருப்பாள், அதுவும் அவளுக்குத் தெரியும். அவன் அப்புறம் கூப்பிடவே இல்லை. மழைக்காலம் தொடங்கியதும் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டதாக யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டு ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டாள். பிறகு அதுவும் இல்லை.

இந்த வருடம் மகளிர் குழு விழாவுக்கு அழைத்தபோது முட்டிவலி என்று சொல்லிவிட்டாள். மகள் கலைமதி நாலாவது படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழா டான்ஸில் அவளைச் சேர்த்திருந்தார்கள்.

"அம்மா, நீ கத்துக் குடுக்கறியா?"

"டீச்சர் சொல்லித் தர்றாங்க இல்ல? போயி படி."

குழந்தை புத்தகப் பையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டது. விழாவுக்கு ராஜவேல் மட்டும் போனான். மகள் ஆடியதை முழுதாகப் போனில் எடுத்து வந்து, பாரு என்று நீட்டினான். கை ஈரமாக இருக்கிறது, அப்புறம் பார்க்கிறேன் என்றாள். அந்த வீடியோவை அவள் இன்றுவரை பார்க்கவில்லை.