அவுட் அக்கா எழுதிய புகார்

ஸ்கேலை அழுத்திப் பிடித்து ஓரக்கோடு போடுகின்றன அந்தக் கைகள். நகக்கண்ணில் மைதானத்து மண். கோடு ஒரு நூல் சாய்ந்தாலும் தாள் குப்பைக்குப் போகும். இது மூன்றாவது தாள்.

தலைக்கு மேல் நின்று கத்துகிறவர் அண்ணன். சற்றுமுன் சாஃப்ட்பால் இறுதி ஆட்டத்தில் தோற்ற அணியின் கோச். கோடு போடுகிறவர் அந்த ஆட்டத்தின் நடுவர், அவருடைய கூடப்பிறந்த தங்கை. மைதானத்தில் எல்லாருக்கும் 'அவுட் அக்கா'.

வாரநாட்களில் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். இருபத்திரண்டு வருடமாக அவர் கண்ணெதிரே சோதனைக்குழாய்கள் உடைகின்றன. உடைத்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "தெரியாம பட்டுடுச்சு மேடம்." அதனால் உலகத்தில் எதுவும் தெரியாமல் படுவதில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார். வீட்டில் கணவர் கண்ணாடி டம்ளரைத் தட்டிவிட்டால், "எங்க, அதே மாதிரி கையை வீசிக் காட்டுங்க" என்பார். வீசிக் காட்டும்போது இரண்டாவது டம்ளரும் போகும்.

நடுவர் வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. ஆங்கில விதிப்புத்தகத்தை அகராதி துணையோடு தமிழில் எழுதி எழுதியே கற்றார். ஆட்டத்தின்போது அந்த நோட்டைத் திறப்பதில்லை. "எல்லாம் மண்டையில இருக்கு."

இன்று மண்டை காலை வாரிவிட்டது.

கடைசி இன்னிங்ஸ். அண்ணன் அணியில் இரண்டு பேர் அவுட். ஒரு ரன் குறைவு. முதல் பேஸில் நின்றவள் இரண்டாவதுக்கு ஓடினாள். மட்டை பிடித்த பெண் ஓங்கி வீசினாள், பந்து தப்பியது. சுழன்ற மட்டை, பின்னால் நின்று பந்தைப் பிடித்து, ஓடியவளை அவுட்டாக்க எறியப் போன கேட்சரின் முழங்கையில் இடித்தது. பந்து கீழே விழுந்தது.

"தெரியாம பட்டுடுச்சு மேடம்!"

அதைக் கேட்டதும் அக்காவின் கை தானாக உயர்ந்தது. "அவுட்!" மூன்றாவது அவுட், ஆட்டமே முடிந்தது.

பத்து நிமிடம் கழித்து நோட்டைப் புரட்டினார். சொந்தக் கையெழுத்தே அவரை முறைத்தது: 'வேண்டுமென்றே தடுத்தால் அவுட். வீசிய வேகத்தில் தெரியாமல் பட்டால் அவுட் இல்லை. ஓடியவள் மட்டும் பழைய பேஸுக்குத் திரும்ப வேண்டும்.'

"சும்மா விடமாட்டேன், புகார் குடுக்கப்போறேன்!" என்கிறார் அண்ணன்.

"என்னன்னு குடுப்ப?"

"அநியாயம்னு குடுப்பேன்."

"அப்படி ஒரு விதி கிடையாதுண்ணே. கமிட்டில தூக்கிப் போட்டுடுவாங்க. நானே எழுதித் தரேன், கத்தாம நில்லு."

நடுவர் விதியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று எழுதுகிறார். 'தவறாக' என்பதன் அடியில் கோடும் போடுகிறார். கமிட்டி ஒப்புக்கொண்டால் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து நடக்கும். ஆனால் நாளை தேசியப் போட்டிக்கு நடுவர்களைத் தேர்ந்தெடுக்கப்போவதும் அதே கமிட்டிதான். ஒன்பது வருடம் காத்திருந்து இந்த முறைதான் அக்காவின் பெயர் பட்டியலில் ஏறியிருக்கிறது.

அண்ணனுக்கு அது இப்போதுதான் உறைக்கிறது. குரல் இறங்குகிறது. "ஏய், விட்டுடு. கோப்பை அடுத்த வருஷம் வாங்கிக்கலாம். உன் பேரு..."

"பேச்சு குடுக்காத. விதி எண் மாறிடும்."

எழுதி முடித்து, விட்டுப்போன ஒரு புள்ளியை வைக்கிறார். தாளை ஊதி ஈரம் உலர்த்துகிறார். பிறகு மூடி கழற்றிய பேனாவோடு அண்ணனிடம் நீட்டுகிறார்.

"இங்க கையெழுத்து போடு. அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடுவாங்க. ஓடு."